அரும்பு, மொட்டு, மலர், செல்போன்

எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எண்ணும் எழுத்தும் கைவர வேண்டும் என்று 2022 ஜூனில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் திட்டம் தொடங்கினார்கள், கெடு 2025. பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தாயிற்று.

லால்பேட்டை வகுப்பறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கள் பாட்டு, செவ்வாய் கதை. புதன் ஏரிப் பாடம். வீராணம் பக்கத்திலேயே கிடக்கிறது. பிள்ளைகள் பார்ப்பதோ படத்தில். ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாயேறிச் சென்னைக்கே போகிறது. இவர்கள் வாசல் தாண்டத்தான் அனுமதிக் கடிதம் வேண்டும். வியாழன், வெள்ளி மதிப்பீடு. டீச்சர் செல்போனில் விவரம் ஏற்றுகிறார். வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

“உங்க போன் இன்னும் அரும்புதானா டீச்சர்?” என்றது ஒரு மொட்டு.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு விடுமுறை. டீச்சருக்கு இல்லை, விவரம் இன்னும் ஏறவில்லை.