ஆர்க்கிடெக்டா, இன்ஜினீயரா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த பையன் ‘ஆர்க்கிடெக்சுரல் இன்ஜினீயரிங்’ படிக்கப் போகிறானாம். அவன் ஆர்க்கிடெக்டா, இன்ஜினீயரா? – வாசகர், கே.ஜி.கண்டிகை.

பதில்: இருவரும் சண்டை போடும்போது நடுவில் மாட்டிக்கொள்பவர்! ஆர்க்கிடெக்ட் அழகாக ஃபால்ஸ் சீலிங் வரைந்துவிட்டுப் போய்விடுவார். ஏ.சி. டக்ட், தீயணைப்புக் குழாய், கேபிள் எல்லாம் அதற்கு மேலே எப்படி அடங்கும் என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இவர்தான்.

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இது ஐந்தாண்டுப் பட்டம். நம்மூரில் பெரும்பாலும் சுற்றுவழிதான். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று ஏதாவதொரு பி.இ. முடித்து உள்ளே வருகிறார்கள். பி.ஆர்க். மாணவர்களுக்கும் இது ஒரு பாடமாக உண்டு.

சென்னை அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் 1975-இல் தீப்பற்றி எரிந்தது. மாடி கூடக் கூட, தண்ணீரை மேலே ஏற்றுவதும் ஆட்களைக் கீழே இறக்குவதும் பெரிய கணக்காகிவிடும்; அதைப் போடுவதும் இவர் வேலைதான். திருத்தணி முருகன் கோயிலின் 365 படியையும் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கோடையில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தால் கரண்ட் பில் எவ்வளவு எகிறும் என்று படிக்க இதைவிட நல்ல ஆய்வகம் ஏது?

பையனின் இயற்பியல் மதிப்பெண்ணை முதலில் பாருங்கள். டிராயிங் நோட்டை அப்புறம் புரட்டலாம்.