மாம்பழம் விற்று மாம்பழப் பானம் வாங்குவோம்

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரத்துக்காரர்கள் இன்னும் முழு தேசபக்தர்களாகவில்லை. முருங்கைக்கீரையைக் கொல்லையில் பறிக்கிறார்கள். மோரைப் பக்கத்து வீட்டில் சும்மா வாங்கிக் குடிக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 60 விழுக்காடு குடும்பங்கள் செய்யும் செலவுதானாம். ஓசி மோரை நம்பி இந்தியா எப்படி வல்லரசாகும்?

ஆனாலும் முன்னேறித்தான் வருகிறோம். 1999-2000இல் கிராமத்துக் குடும்பம் செலவழித்த நூறு ரூபாயில் 22 ரூபாய் அரிசி, கேழ்வரகு என்று தானியத்துக்கே வீணானது. 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் அது வெறும் 5 ரூபாய். பானங்களும் பாக்கெட் தீனிகளும் 10 ரூபாயைத் தொடப்போகின்றன. களியைக் கடந்து சிப்ஸுக்கு வந்துவிட்டோம்!

இதில் சித்தூர் மாவட்ட மா விவசாயியே முன்னோடி. 2025இல் தோத்தாபுரி மாம்பழ விலை சரிந்தபோது, கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் தருவதென்று ஏற்பாடு. பழத்தை டிராக்டரில் ஏற்றி, கூழ் ஆலை வாசலில் வெயிலில் காத்துக் கிடக்கையில் தாகம் எடுக்குமல்லவா? எதிரே பெட்டிக்கடையில் மாம்பழப் பானம், குட்டி டப்பா 10 ரூபாய். குழலும் இலவசம்.

செலவு குறைந்துவிட்டால்? கவலை வேண்டாம். 2017-18 கணக்கெடுப்பில் அப்படித்தான் குறைந்ததாகப் பத்திரிகையில் கசிந்தது. தரவின் தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் அரசு அறிக்கையையே நிறுத்திவிட்டது. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் பாக்கி நோட்டை விரித்தால், நீங்களும் தயங்காமல் அதையே சொல்லுங்கள்.