வாத்தியாருக்குத் தெரியாத மொழி

பிள்ளைக்கு அயல்மொழி வரவில்லையே என்று ஏங்கும் பெற்றோர், பிரான்ஸில் 1533-இல் பிறந்த மிஷேல் த மோந்தேனின் அப்பாவிடம் பாடம் கேட்கலாம். பால்குடி மறவாத பிள்ளைக்குப் பெருஞ்சம்பளத்தில் ஒரு ஜெர்மானிய ஆசிரியர். அவருடைய முதல் தகுதி, பிரெஞ்சு அறவே தெரியாதது. பிள்ளையின் காதுபட லத்தீன் தவிர வேறு பேச்சு கூடாதென்று வீட்டில் சட்டம். அம்மாவும் வேலைக்காரியும்கூட, கற்றுக்கொண்ட நாலு சொல்லை வைத்துச் சமாளித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் கருவிகளுக்கும் லத்தீன் பெயர் ஒட்டிக்கொண்டது. பாடம் ஒருவனுக்கு, வீட்டுப்பாடம் ஊருக்கே!

ஆறு வயது தாண்டும்வரை பையனுக்குப் பிரெஞ்சும் ஒன்றுதான், அரபியும் ஒன்றுதான். பிரம்பில்லை, இலக்கணமில்லை, கண்ணீரில்லை. லத்தீன் மட்டும் மணிமணியாக வந்தது. பிறகு போர்தோவில் நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேர்த்தார்கள். அன்றே லத்தீன் தேயத் தொடங்கியதாம். கிரேக்கத்தை விளையாட்டாகச் சொல்லித்தரப் பார்த்தார் அப்பா. அது விளையாட்டாகவே போயிற்று.

வளர்ந்த பிள்ளை 1580-இல் தன் கட்டுரைகளை வெளியிட்டு உலகப்புகழ் பெற்றார். எந்த மொழியில் என்கிறீர்கள்? வாத்தியாருக்குத் தெரியாத அந்தப் பிரெஞ்சில்தான்.