கரிச் சுவருக்கும் காசு

இத்தாலியின் அப்ருட்ஸோ மலைப்பக்கம், சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் சாந்தோ ஸ்தெஃபனோ தி செஸ்ஸானியோ என்றொரு கல் கிராமம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். ஃப்ளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பம் ஒரு காலத்தில் இங்கே கம்பளி வியாபாரம் செய்து கொழுத்தது. ஆட்டுத் தொழில் படுத்ததும் சனங்கள் கப்பலேறிவிட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது நூறு பேர் சொச்சம்.

பிறகு ஒரு பணக்காரர் வந்தார். பாழடைந்த வீடுகளை வாங்கி, ஊருக்குள்ளேயே சிதறிக் கிடக்கும் அறைகளாக விடுதி ஆக்கினார். எல்லாவற்றையும் செப்பனிட்டவர்கள், சுவரில் அப்பியிருந்த அடுப்புக் கரியை மட்டும் தொடவில்லை. அதுதானே பாரம்பரியம்! கைத்தறிப் போர்வை, பழைய மரச்சாமான், டிவி கிடையாது. ஆனால் தரைக்கடியில் சத்தமில்லாமல் வெப்பக் குழாய் ஓடுகிறது. வறுமையை அனுபவிக்க வந்தவருக்குக் கால் சில்லிட்டுவிடக் கூடாதல்லவா?

அந்தக் கரி படியவைத்த அடுப்புப் புகையில் கண்ணெரியச் சமைத்த பாட்டிகளுக்கு யாரும் பத்துப் பைசா கொடுத்ததில்லை. கடல் தாண்டிப் போன பேரன் திரும்பி வந்தால், பாட்டியின் சமையலறையில் வாடகை கொடுத்துப் படுக்கலாம்.

ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை. கூரைகள் நிற்கின்றன, நாலு பேருக்கு வேலை இருக்கிறது. 2009 நிலநடுக்கத்தில் சரிந்த ஊரின் வட்டக் கோபுரத்தையும் மறுபடி எழுப்பிவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஊர்க் குட்டி மசூர்ப் பயறு சூப்பைத் தவறவிடாதீர்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.