எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு...

விளாங்குடியில் ஃப்ரிட்ஜ் வாங்குவது பெரிய காரியமில்லை. வாங்கப்போவது எங்கள் தெரு அண்ணன் காதில் விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விழுந்துவிட்டால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.

"வேணாம்ப்பா. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு, செல்லூர்க்காரரு, இதே கம்பெனிதான் வாங்குனாரு. மூணே மாசம். கம்ப்ரஸர் போச்சு."

அந்தத் தெரிஞ்ச ஒருத்தருக்குப் பெயர் கிடையாது, ஊர் மட்டும் உண்டு. ஃப்ரிட்ஜ் என்றால் செல்லூர், பைக் என்றால் பரவை, காதல் கல்யாணம் என்றால் சமயநல்லூர். ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறலாமா என்று கேட்டால், தெரிஞ்ச ஒருத்தர் கொடைரோடு பக்கம் டயர் வெடித்து ராத்திரி முழுக்க நின்றிருப்பார். ரயில் என்றால் அதே ஆள் பெட்டியைத் தொலைத்திருப்பார். மீனாட்சிகூட ஒரே மனுஷனை இத்தனை சோதிக்க மாட்டாள்.

"எங்க மச்சான் பத்து வருஷமா இதே பைக்தாண்ணே ஓட்டுறாரு. ஒண்ணும் ஆகலையே?"

பரிதாபமாகப் பார்ப்பார். "ஆகும்ப்பா."

கண்மாய்க்குள் பிளாட் வாங்குகிறவனை மட்டும் தடுக்க மாட்டார். அங்கே மூழ்கின ஆள் யாரையும் அவருக்கு இன்னும் தெரியாது.

எது சட்டென்று ஞாபகத்துக்கு வருகிறதோ, அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று மனசு கணக்குப் போட்டுவிடும் என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-ல் எழுதினார்கள். கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அண்ணன் அதையே டீக்கடை பெஞ்சில் தினமும் நிரூபித்துக் காட்டுகிறார். ஓசியில் ஒரு வடைகூடக் கிடைத்ததில்லை.

கெட்டவர் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலி என்றால் முதலில் பைக்கை உதைப்பவர் அவர்தான். ஹெல்மெட் இல்லாமல். தெரிஞ்ச ஒருத்தருக்கு ஹெல்மெட்டால் கழுத்து வலி வந்ததாம்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். எங்கள் சின்னம்மாவுக்கு டாக்டர் இன்சுலின் எழுதிக்கொடுத்தபோதும் அண்ணன் வந்தார். தெரிஞ்ச ஒருத்தர் ஊசி போட ஆரம்பித்த ஆறே மாதத்தில் காலை எடுத்தார்களாம். சர்க்கரை நெடுநாள் ஏறிக்கிடந்தால் கால் நரம்பும் ரத்தக்குழாயும் கெடும். பலர் அந்த நிலைக்கு வந்த பிறகுதான் ஊசிக்கே சம்மதிக்கிறார்கள். காலைக் கெடுத்தது சர்க்கரை, பழி ஊசிக்கு. சின்னம்மா பயந்து ஒரு வருஷம் தள்ளிப்போட்டாள். புண் ஆறாமல் கால் விரல் போனது. அப்புறம்தான் ஊசி.

இப்போது அண்ணன் டீக்கடையில் சொல்கிறார்: "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க, நம்ம விளாங்குடிதான், இன்சுலின் போட்டாங்க. வெரல் போச்சு."

உங்கள் தெருவிலும் இவர் இருப்பார். திருத்த முடியாது. ஆரம்பித்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அதே ஊசி போட்டு நல்லா நடமாடுறவங்க எத்தனை பேருண்ணே?" அவர் எண்ணிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.