முந்திப் பூட்டும் ஸ்லைடு: குறி, காரணம், தீர்வு

வருசநாட்டு மலையடிவாரத்தில் துப்பாக்கி என்றால் காட்டுப்பன்றியிடமிருந்து வெள்ளாமையைக் காக்க உரிமம் வாங்கிய துப்பாக்கிதான். குழல் வாயில் மருந்தைக் கெட்டித்துச் சுடுவது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே 13ஆம் பிரிவில், பயிர் காப்புக்கான இந்த வகைத் துப்பாக்கியைத் தனியாகச் சொல்கிறது. இந்தக் கட்டுரை பேசும் நோய், அதாவது தோட்டா மிச்சம் இருக்கும்போதே ஸ்லைடு பூட்டிக்கொள்வது, அதற்கு வராது. ஒரு வேட்டுப் போட்டால் அடுத்ததைக் கையால்தான் நிரப்ப வேண்டும். போட்டிப் பிஸ்டல் போலத் தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கிக்குத்தான் தானே நின்றுபோகும் நோய் உண்டு.

இதைத் தமிழில் எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. கடமலைக்குண்டிலோ மயிலாடும்பாறையிலோ இருந்து ஒரு பிள்ளை போட்டிப் பிஸ்டல் பழக நினைத்தால், ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மதுரைப் பக்கம் போக வேண்டும். பிஸ்டலைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஆர்மரர் பக்கத்து ஊரில் இருக்கமாட்டார். ஆகவே நோயைக் கணிக்கும் அறிவாவது அந்தப் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

1. இலக்கணம்

பிஸ்டலின் மேற்பாகம் ஸ்லைடு. ஒவ்வொரு சூட்டுக்கும் அது பின்னால் ஓடிக் காலி உறையை வெளியே எறிகிறது. முன்னால் திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது. கடைசித் தோட்டாவும் போனபின், மேகசினுக்குள் இருக்கும் ஃபாலோயர் என்ற தட்டு மேலே வந்து, ஸ்லைடு ஸ்டாப் லீவரின் உள்முனையை உயர்த்துகிறது. லீவர் ஸ்லைடின் வெட்டில் ஏறி அதைப் பின்னாலேயே பிடித்து நிறுத்துகிறது. மேகசினில் தோட்டா மிச்சம் இருக்கும்போதே லீவர் ஏறிவிட்டால், அதுவே முந்திப் பூட்டுதல்.

காலி உறை இடுக்கில் மாட்டுவது, தோட்டா வெடிக்காமல் போவது, ஸ்லைடு முழுதாக மூடாமல் நிற்பது ஆகிய மூன்றும் வேறு நோய்கள். அவற்றுக்கு மருந்தும் வேறு.

2. ஆபத்து

ஸ்லைடு திறந்து நின்றால் பிஸ்டல் காலி என்று எடுத்துக்கொள்ளும்படியே சுடுபவரின் கண் பழகியிருக்கிறது. முந்திப் பூட்டிய பிஸ்டல் அந்த அடையாளத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. பார்வைக்குக் காலி, உள்ளே நான்கு தோட்டா. மேகசினைக் கழற்றாமல் ஸ்லைடை விட்டால் அடுத்த நொடியே ஒன்று அறைக்குள் ஏறிவிடும். அதனால் இந்த நோயைச் சின்னத் தொந்தரவு என்று யாரும் ஒதுக்கக்கூடாது. குழல் இலக்கின் பக்கமே இருக்கட்டும். விரல் ட்ரிகரை விட்டு விலகட்டும். மேகசின் வெளியே வந்தபின், அறையைக் கண்ணால் பார்த்து, சந்தேகம் இருந்தால் விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே மற்ற எதுவும்.

3. காரணங்கள்

முதல் காரணம் பெருவிரல். பெரும்பாலான பிஸ்டலில் லீவர் இடப்பக்கம் இருக்கிறது. வலக்கையால் சுடுபவரின் பெருவிரல் அதன் அருகிலேயே கிடக்கும். இரு கைப் பிடியில் இரண்டு பெருவிரலும் முன்னோக்கி நீளும்போது, இடது பெருவிரல் லீவருக்குக் கீழேயே போய் அமர்ந்துவிடும். நிதானமாக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. சுட்டதும் பிஸ்டல் துள்ளுகிற அந்தக் கணத்தில் விரல் லீவரை மேலே தூக்கிவிடுகிறது. இதே விரல் லீவருக்கு மேலே அழுந்தினால் நேர்மாறான கோளாறு வரும்: கடைசித் தோட்டா போனபிறகும் ஸ்லைடு பூட்டாது. இரண்டும் மாறி மாறி வந்தால் விரலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, தோட்டாவின் மூக்கு. லீவரின் உள்முனை சற்றே நீண்டிருந்தாலோ, குண்டின் மூக்கு அகலமாக இருந்தாலோ, மேகசினில் மேலேறும் தோட்டா அந்த முனையை உரசி உயர்த்திவிடும். நம் நாட்டில் 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட துளை வகையைச் சேர்ந்தது. அது காவல்துறையிலும் ராணுவத்திலும்தான் பெரும்பாலும் புழங்குகிறது. பொதுமக்களின் இலக்குப் போட்டிகளில் புழங்குவது .22, அடுத்து .32. போட்டிக்கான .32 வாட்கட்டர் தோட்டாவில் குண்டு உறையின் வாய் மட்டத்துக்கே அமர்ந்திருக்கும். உரச வெளியே மூக்கே இல்லை. எனவே வெளிநாட்டு நூல்கள் முன்னால் வைக்கும் இந்தக் காரணம் நம் ரேஞ்சுகளில் பின்னால்தான் வரவேண்டும்.

மூன்றாவது, லீவரின் கனமும் ஸ்பிரிங்கின் தளர்ச்சியும். வேகமாகத் தட்டுவதற்கு வசதி என்று நீளமான லீவரைச் சிலர் மாட்டுகிறார்கள். நீளம் கூடினால் கனமும் கூடும். துள்ளிய பிஸ்டல் கீழே இறங்கும்போது கனமான லீவர் பின்தங்கி, சட்டத்தைப் பொறுத்தவரை மேலெழும்புகிறது. அதைக் கீழே பிடித்து வைக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்லைடு வெட்டில் போய் ஏறிவிடும். .22 தோட்டாவின் ஈயமும் மெழுகும் கரியோடு சேர்ந்து பிசினாகி, லீவரை மேல்நிலையிலேயே ஒட்டவைப்பதும் இந்த வகைதான்.

நான்காவது, மேகசின். ஃபாலோயர் தேய்ந்து சாய்ந்திருந்தாலோ, மேகசினின் மேல் உதடுகள் விரிந்திருந்தாலோ தட்டும் தோட்டாவும் தங்கள் இடத்தை விட்டு விலகி லீவரைத் தொடும்.

4. சோதனை

மேகசின்கள் ஒவ்வொன்றுக்கும் மார்க்கர் பேனாவால் எண் போடுங்கள். பூட்டிய ஒவ்வொரு முறையும் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, யார் கை என்று நோட்டில் குறியுங்கள். ஒரே எண்ணில் மட்டும் நோய் வந்தால் மேகசின்தான் குற்றவாளி. எல்லா எண்ணிலும் வந்தால் பிஸ்டலை இன்னொரு சுடுநர் கையில் கொடுங்கள். தோட்டாவும் மேகசினும் மாறக்கூடாது. அவர் கையில் நோய் வராவிட்டால் உங்கள் பிடியைத்தான் திருத்த வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் பெருவிரலை வேண்டுமென்றே விலக்கி வைத்துச் சுட்டுப் பாருங்கள்.

அவர் கையிலும் பூட்டினால் லீவரைப் பாருங்கள். பிஸ்டல் காலி என்று உறுதி செய்தபின், லீவரின் உள்முனையில் அதே மார்க்கர் மையைத் தடவி உலரவிடுங்கள். தோட்டா நிறைந்த மேகசினோடு ரேஞ்சில் சுட்டுவிட்டு, மறுபடியும் காலி செய்து கழற்றிப் பாருங்கள். குண்டு உரசியிருந்தால் மை அழிந்து, முனையின் ஓர் ஓரத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும். ஈயக் குண்டாக இருந்தால் சாம்பல் நிறத் தீற்றல் இருக்கும். முழு மேகசினையும் சுட்டுக் காலியாக்கினால் ஃபாலோயரும் முனையைத் தொட்டிருக்கும் என்பதால், இந்தச் சோதனையைக் கடைசித் தோட்டாவுக்கு முன்பே நிறுத்த வேண்டும். மை அப்படியே இருந்தால் மிச்சம் இருப்பது லீவரின் கனமும் ஸ்பிரிங்கும் அழுக்கும் மட்டுமே.

5. தீர்வு

மருந்தை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். முதலில் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு பிடியை மாற்றுங்கள்: பெருவிரலை லீவருக்குக் கீழே கிடத்தாமல் சற்று வெளியே விலக்கி, சட்டத்தில் அழுத்தாமல் வையுங்கள். ஒரு கையால் சுடும் போட்டிகளில் மரப்பிடியின் பெருவிரல் மேடையைச் செதுக்கியோ மரப்புட்டி சேர்த்தோ விரல் நிற்கும் உயரத்தைத் திருத்தலாம். புதுப் பழக்கம் கையில் ஏறக் காலம் பிடிக்கும். ஆனால் காசு செலவில்லை, பிஸ்டலுக்குச் சேதமும் இல்லை.

அடுத்து மேகசின் ஸ்பிரிங்கும் ஃபாலோயரும் மாற்றுவது. அதற்கும் அடுத்து நீள லீவரைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலை லீவரைத் திரும்ப மாட்டுவது, லீவர் ஸ்பிரிங் புதிது போடுவது. 1911 வகைப் பிஸ்டலில் லீவரின் பின்முகத்தை ஸ்பிரிங் வைத்த சிறு ஊசி ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஊசி போய் அமரும் இடத்தில் மிகச் சிறிய குழி ஒன்று இட்டால் லீவர் எளிதில் எழும்பாது. குழி ஆழமாகிவிட்டால் காலியான பின்னும் பூட்டாது.

அரம் எல்லாவற்றுக்கும் கடைசி. குண்டு உரசுகிறது என்று மை காட்டிக்கொடுத்தால் மட்டுமே உள்முனையில் உரசும் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சோதிக்கலாம். ஃபாலோயர் வந்து தள்ளும் பரப்பைத் தொடக்கூடாது. இந்த வேலையை ஊர் லேத் பட்டறையில் கொடுக்கக்கூடாது. கை எவ்வளவு சுத்தமான ஃபிட்டராக இருந்தாலும் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்கிறது. உரிமம் பெற்ற ஆர்மரரிடம் நோட்டையும் மை அழிந்த லீவரையும் சேர்த்துக் கொடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

6. போட்டி விதி

25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஐந்து இலக்குகளை ஐந்து தோட்டாவால் 8 நொடி, 6 நொடி, 4 நொடி என்று சுட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றது இதில்தான். நான்கு நொடியில் மூன்றாவது சூட்டில் ஸ்லைடு பூட்டினால் கையால் சரிசெய்ய நேரமே கிடையாது. சர்வதேச விதிப்படி பிஸ்டலை இலக்கை நோக்கியே பிடித்தபடி மறுகையை உயர்த்த வேண்டும், பொறியைத் தொடக்கூடாது. அதிகாரி வந்து பார்ப்பார். உறுப்பு ஒடிந்தோ பொறி செயல்படாமலோ நின்றிருந்தால் அது ஏற்கத்தக்க பழுது. சுடுபவர் நியாயமாகத் திருத்தியிருக்கக்கூடிய காரணம் என்றால் ஏற்கப்படாது. பெருவிரல் தொட்டுப் பூட்டியதை ஏற்கத்தக்க பழுது என்று வாதிட்டு வெல்வது கடினம்.

ஏற்கத்தக்க பழுதுகூட விலை கேட்கும். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. கோளாறு ஸ்லைடில் அல்ல. ஏர் பிஸ்டலின் காக்கிங் லீவரில். திரும்பி வந்தபோது 44 குண்டுகளை 36 நிமிடத்தில் சுட வேண்டியிருந்தது. 575 எடுத்தார், இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றை இழந்தார். 2024இல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் அளவிலேயே ஒரு சிறு லீவர் மூன்றாண்டுக் காத்திருப்பை வாங்கிவிடும் என்றால், கிளப் பிஸ்டலை முறைவைத்துப் பழகும் பிள்ளைக்கு அது வருடம் ஒருமுறை வரும் மாநிலப் போட்டியையே பறித்துவிடும்.

இந்த நோய்க்குப் புதுப் பிஸ்டல் வாங்கச் சொல்பவர்களும், பார்த்த மாத்திரத்தில் அரத்தை எடுப்பவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: கணிக்கும் முன்பே மருந்து கொடுக்கிறார்கள். தேய்த்த உலோகம் திரும்ப வளராது. நோட்டுக்கும் மார்க்கருக்கும் ஐம்பது ரூபாய் ஆனால் பெரிது. பிஸ்டல் பழகப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் அவை இரண்டும் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர்களும் இலக்கைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே அந்த நோட்டை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும்.