இருபத்தாறு நாளாக உங்கள் கடிதம் இல்லை

எங்கள் வீட்டுக்குக் கரண்டும் காஸும் தருகிற கம்பனியின் கடன் வசூல் பிரிவினருக்கு,

நாங்கள் நல்ல சுகம். உங்களுக்குத்தான் என்ன நடந்ததோ என்று யோசனையாக இருக்கிறது. இருபத்தாறு நாளாகக் கடிதம் இல்லை, போன் இல்லை, இரவு சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து வருகிற குறுஞ்செய்தியும் இல்லை. ஊரில் இருக்கிற என் சொந்தத் தம்பி மூன்று மாதத்துக்கு ஒருக்கால்தான் கதைப்பான். நீங்களோ கிழமைக்கு இரண்டு தரம் எழுதினீர்கள். அந்தப் பழக்கதோஷத்தில் என் மனைவி இப்போதும் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசல் கதவடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பீட்சாக் கடை நோட்டீஸ் மட்டும் கிடக்கிறது.

உங்களைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். கட்டச் சொன்னதே நாங்கள்தானே. 'பிரீதிங் ஸ்பேஸ்', அதாவது மூச்சு விட அவகாசம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதம் 4ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடன் ஆலோசகர் ஒருவர் எங்கள் பெயர்களைப் பதிந்துவிட்டால், 60 நாளைக்கு நீங்கள் நிலுவையைக் கேட்டு எழுதவோ வட்டி ஏற்றவோ ஆள் அனுப்பவோ கூடாது. அந்த நாட்களில் பாவிக்கிற கரண்டுக்கு மட்டும் நாங்கள் ஒழுங்காகக் கட்ட வேண்டும், கட்டி வருகிறோம். பதினான்கு தரம் உங்களுக்குப் போன் எடுத்து, ஒவ்வொரு தரமும் நாற்பது நிமிடம் உங்கள் பியானோ இசையைக் கேட்டு, பிறந்த திகதியையும் தபால் குறியீட்டையும் ஒப்புவித்தும் கிடைக்காத அமைதி, ஆலோசகர் பதிந்த மறுநாளே வந்து சேர்ந்தது.

கடிதத்துக்குக் கடிதம் 'பயப்படாமல் எங்களோடு கதையுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். கதைத்தேன். நிலுவை 3,180 பவுண், மாதம் 265 கட்டுங்கள் என்றார் உங்கள் பிள்ளை. 40 தான் இயலும் என்றேன். கொம்பியூட்டர் ஏற்கவில்லை என்றார். அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்துத்தான் தவணை போட வேண்டும் என்பது உங்கள் உரிமத்தின் நிபந்தனை. கொம்பியூட்டருக்கு உரிமத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று அறிந்தபோது மனம் கொஞ்சம் நொந்தது. 2023 பெப்ரவரியில் 'ரைம்ஸ்' பத்திரிகை நிருபர் ஒருவர் வசூல் முகவராகவே வேலைக்குச் சேர்ந்து, நிலுவை உள்ள வீடுகளுக்குள் பூட்டை உடைத்துப் புகுந்து முன்பணம் போடும் மீற்றர் பூட்டுகிறார்கள் என்று எழுதினார். உள்ளே நுழைய உதவியது 1954ஆம் ஆண்டுச் சட்டமும் நீதவான் கொடுக்கும் ஆணையும். நாடே கொதித்ததும், கரண்ட், காஸ் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் அதை நிறுத்தி வைத்துப் புது விதி கொண்டுவந்தது. அந்த விதியின்படி, அப்படியொரு மீற்றரைப் பலவந்தமாகப் பூட்டுவதற்கு முன் குறைந்தது பத்துத் தரமாவது எங்களைத் தொடர்புகொள்ள முயன்றிருக்க வேண்டுமாம். அப்படியென்றால் அந்தக் கடிதமெல்லாம் அன்பினால் எழுதியதில்லை, பத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

முன்பணம் போடும் மீற்றரில், காசு முடிந்ததும் வருகிற இருட்டைவிட எங்களுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஈஸ்ட்ஹாமில் அதற்குக் காசு போடுவது எங்கள் ஆட்களின் கடையில். வரிசையில் பின்னால் சம்பந்தி நிற்கும்போது கடைக்கார அண்ணர் உரத்து, "எவ்வளவு போட, பத்தா இருபதா?" என்று கேட்பார்.

ஆலோசகர் நல்ல பிள்ளை. வரவு செலவுப் படிவத்தை நிரப்ப எங்களோடு இரண்டு மணி நேரம் இருந்தார். முடிவெட்டு, செல்லப்பிராணி, பொழுதுபோக்கு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. 'அன்பளிப்பு' என்ற கட்டத்தில்தான் வண்டி நின்றது. சாமத்தியவீடு என்றால் என்ன, அதற்குக் கடித உறையில் 50 பவுணுக்குக் குறைய வைக்க ஏன் முடியாது என்று விளக்கவே இருபது நிமிடம் போயிற்று. வவுனியாவில் அம்மாவுக்கு அனுப்பும் 60 பவுணை எங்கே எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. அடுத்து, சீட்டு. நான் சீட்டை முன்னமே எடுத்துவிட்டேன், இன்னும் எட்டு மாதம் கட்ட இருக்கிறது. அப்படியானால் அதுவும் கடன், பட்டியலில் போட வேண்டும், கடன் கொடுத்தவருக்கு அறிவித்தல் போகும் என்றார். சீட்டுக்கார அன்ரியின் வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் போகும் காட்சியை ஒருக்கால் நினைத்துப் பார்த்தேன். உங்கள் கடிதங்களே தேவலாம் என்று தோன்றியது.

60 நாளுக்குப் பிறகு என்ன? ஆலோசகர் பல வழிகள் காட்டினார். வங்குரோத்து என்று அறிவிக்க 680 பவுண் கட்டணம். கையில் காசில்லை என்று சொல்லக் கையில் காசு வேண்டும். ஐந்தாறு வருடம் தவணை கட்டும் ஒப்பந்தம் ஒன்றும் இருக்கிறது, அது எங்கள் அளவுக்குத் தைத்ததில்லை. பொருந்துவது 'டெப்ற் ரிலீஃப் ஓடர்', அதாவது கடன் நிவாரண ஆணை. கடன் 50,000 பவுணுக்குள், மாதம் மிஞ்சுவது 75க்குள், சொத்து 2,000க்குள் இருந்தால் ஒரு வருடம் யாரும் தொட முடியாது. வருட முடிவில் கடன் அழியும், கரண்ட் நிலுவையும் சேர்த்து. இதற்கும் 90 பவுண் வாங்கிக்கொண்டிருந்து 2024 ஏப்ரலில்தான் விட்டார்கள். பெயர் மட்டும் பொதுப் பதிவேட்டில் ஏறும், யாரும் தேடிப் பார்க்கலாம். எங்கள் சனம் சாமத்தியவீட்டுப் பந்தியில் இருந்தபடியே போனில் தேடும்.

அதையும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கணக்கில் எங்கள் இருவரின் பெயரும் இருக்கிறது. நான் மட்டும் இந்த ஆணையை எடுத்தால், முழுக் கடனையும் மனைவியிடம் கேட்பீர்கள். சரி, அவரும் எடுக்கட்டும் என்றால் குறுக்கே நிற்பது தாலிக்கொடி. பதினொரு பவுண். எங்கள் ஊர்ப் பேச்சில் உங்கள் காசுக்கும் எங்கள் தங்கத்துக்கும் ஒரே பெயர்தான். பதினொரு பவுண் என்றதும் ஆலோசகர் முகம் மலர்ந்து 11 என்று எழுதினார். 88 கிராம் தங்கம் என்று திருத்தியதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். நகையும் சொத்துத்தானாம். 4,000 பவுண் வரை பெறுமதியுள்ள கார் ஒன்று வைத்திருக்கலாம், அது கணக்கில் சேராது. மனைவி இருபத்துமூன்று வருடமாகக் கழுத்தில் டொயோட்டாவைத் தொங்கவிட்டிருந்தால் பிரச்சினை இருந்திருக்காது.

அந்தப் படிவத்தை அப்படியே வைத்துவிட்டு ஆலோசகர் உங்கள் பில்களை எடுத்துத் தரையில் பரப்பினார். 2022 ஒக்டோபரில் கரண்ட், காஸ் விலையின் உச்சவரம்பு ஒரு சராசரி வீட்டுக்கு வருடம் 3,549 பவுணுக்குப் போய், அரசாங்கம் புகுந்து 2,500இல் பிடித்து நிறுத்திய காலத்தில், எங்கள் பில் மட்டும் ஏறாததை நாங்கள் கடவுள் கிருபை என்று நினைத்திருந்தோம். அது உங்கள் ஊகம். உங்களிடம் மாறி வந்ததும் ஸ்மார்ட் மீற்றர் ஊமையாகிவிட்டது. மூன்று தரம் போனில் முறைப்பட்டோம். யாரும் வரவில்லை. பத்தொன்பது மாதம் குறைவாக மதிப்பிட்டு அனுப்பிவிட்டு, ஒரு நாள் மொத்தமாகக் கேட்டீர்கள். பிழை உங்களுடையது என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு முந்திய பாவிப்புக்குக் காசு கேட்க முடியாது என்று 2018இலேயே ஒஃப்ஜெம் விதி போட்டுவிட்டதாம். பத்தொன்பதில் பன்னிரண்டு போக ஏழு. அந்த ஏழு மாதத்தில் ஒரு முழுக் குளிர்காலமும் அடக்கம். உங்கள் பிரிவு எழுதிய அத்தனை கடிதத்திலும் இதற்கு ஒரு வரி ஒதுக்க இடம் போதவில்லை என்பது புரிகிறது. வீட்டுக்குள் நுழையும் உரிமையைப் பற்றியே ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்ததே.

2025இல் எங்களைப் போன்ற வீடுகளின் நிலுவை மொத்தம் 400 கோடி பவுணைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். அதில் எத்தனை ஏழு மாதங்கள் கிடக்கின்றனவோ, கூட்டிப் பார்க்க உங்கள் கொம்பியூட்டருக்கு நேரம் இருக்கலாம்.

ஏழு மாதத்தைக் கழிக்கச் சொல்லி ஆலோசகர் தனியே எழுதுவார். இன்னும் முப்பத்துநான்கு நாள் இருக்கிறது. அதன் பிறகு நீங்கள் எழுதும்போது வசதியாக இருக்கட்டும் என்று, இன்று காலை மாடிப்படிக்குக் கீழே குனிந்து, மனைவி டோர்ச் பிடிக்க, நானே பார்த்து எழுதிய அளவுகளை அனுப்புகிறேன். கரண்ட் 41873. காஸ் 09216. படமும் எடுத்து இணைத்திருக்கிறேன். படத்தின் ஓரத்தில் மினுங்குவது தாலிக்கொடி, அதை மீற்றரோடு சேர்த்து வாசித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கில் உள்ள இரண்டு பெயர்களில் முதலாவது